சேரி இல்லாத புதுச்சேரி

2006 அக்டோபர் 1 முதல் 'பாண்டிச்சேரி' அரசு ஏடுகளில் 'புதுச்சேரி' ஆயிற்று. வெள்ளைக்காரன் நாக்கில் சிதைந்துபோன பெயரை மீட்டெடுத்தோம் என்று தமிழன்பர்கள் மகிழ்ந்தார்கள். நல்லதுதான். மீட்டெடுத்த பெயரின் முன்பாதி 'புது'; பின்பாதி 'சேரி'. முன்பாதியைப் பிடித்துக்கொண்டு இந்த நகரம் இப்போது ஓட்டமாய் ஓடுகிறது. புது விடுதி, புது அடுக்குமாடி, புது நடைபாதை, புது முகப்பு வைத்த பழைய வீடு. பின்பாதியை இந்த நகரம் என்ன செய்தது, என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

சேரி என்பது பிறக்கும்போதே இழிசொல்லாகப் பிறக்கவில்லை. சங்கப் பாடல்களில் அது மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவே. சோழர் காலத்துப் பிரமதேயங்களில் பார்ப்பனர் குடியிருந்த பகுதிகளுக்கும் சேரி என்றுதான் பெயர். ஆனால் அதே சோழர் காலத்தில், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கிய இடங்களை எண்ணிச் சொல்லும்போது ஊர்நத்தம் தனி, பறைச்சேரி தனி, கம்மாணச்சேரி தனி, தீண்டாச்சேரி தனி என்று வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே 'தீண்டா' என்ற அடைமொழி கல்லில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பிறகு நடந்தது நமக்குத் தெரியும். பார்ப்பனர் சேரி அக்கிரகாரம் ஆனது. மற்றவர்கள் இருந்த இடம் தெரு ஆனது, பேட்டை ஆனது, நகர் ஆனது. எல்லாரும் கழற்றிப்போட்ட சொல் நம்ம ஜனங்க தலையில் மட்டும் மிச்சமாய் நின்றது.

அந்தச் சொல்லை நாமும் சுமக்க விரும்பாமல் 'காலனி' என்றோம். அதுவும் அழுக்கானது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதலமைச்சர் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் சொல்லை மாற்றுவது ஒன்று, அந்தச் சொல் நிற்கிற மண்ணை மாற்றுவது வேறொன்று. புதுச்சேரியை 'புதுவை' என்று எழுதுவது புலவர் வழக்கு. மரூஉ என்று இலக்கணத்தில் படித்திருக்கிறோம்; தஞ்சாவூர் தஞ்சை ஆவதுபோல. இலக்கணத்தில் குற்றம் இல்லை. ஆனால் இலக்கணம் சொல்லில் செய்ததை இந்த நகரம் மண்ணில் செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் விஷயம். சேரி உதிர்ந்துபோன புதுச்சேரி ஒன்று கட்டப்பட்டு வருகிறது.

*

இந்த நகரத்தைப் பற்றி எழுதப்படும் பிரதிகளை எடுத்துக்கொள்வோம். சுற்றுலாக் கையேடு, கனமான படப் புத்தகம், கட்டடக்கலைக் கட்டுரை, விடுதி விளம்பரம் எல்லாம் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும்: வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம். இப்போது கறுப்பர் நகரம் என்று சொல்வது நாகரிகமில்லை என்று 'தமிழ்ப் பகுதி' என்கிறார்கள். கிழக்கே பிரெஞ்சுக்காரர் வீடு, மேற்கே தமிழர் வீடு. இரண்டும் கலந்த பண்பாடுதான் புதுவையின் மரபு. கதை முடிந்தது.

முடிந்ததா? 1693இல் டச்சுக்காரர்கள் இந்த ஊரைப் பிடித்தார்கள். 1699இல் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். இன்றைக்கு வெளிநாட்டான் வியந்து படம் பிடிக்கிற, நூல் பிடித்தாற்போல் ஓடும் கட்டம் கட்டமான தெரு அமைப்புக்கு வரைபடம் போட்டது அந்த ஆறு ஆண்டுகளில்தான். எந்தத் தெரு எந்தத் தொழிலுக்கு, எந்தச் சாதிக்கு என்று பிரித்துக் கோடு கிழித்தார்கள். ஐரோப்பியனின் அடிக்கோலும் மனுவின் அடிக்கோலும் ஒரே தாளில் சந்தித்துக்கொண்டன. 1761இல் ஆங்கிலேயர் நகரத்தைத் தரைமட்டம் ஆக்கினார்கள். 1765க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கட்டினார்கள். வீடு இடிந்தது, மாளிகை இடிந்தது, கோட்டை இடிந்தது. சாதிக்குக் கிழித்த கோடு இடியவில்லை. இன்றைக்கும் வைசியாள் வீதி இருக்கிறது, வெள்ளாளர் வீதி இருக்கிறது, செட்டித் தெரு இருக்கிறது. இவை எல்லாம் 'தமிழ்ப் பகுதி'.

அப்படியானால் தமிழ்ப் பகுதியில் இல்லாத தமிழர்கள் எங்கே? பிரெஞ்சு ஆவணங்களில் 'பார்ஷெரி' என்று ஒரு சொல் வரும். பறைச்சேரிதான் பிரெஞ்சு உடுப்புப் போட்டுக்கொண்டு அப்படி நிற்கிறது. ஆக அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. நகரம் இரண்டல்ல, மூன்று. வெள்ளை நகரம், சாதி நகரம், சேரி. மூன்றாவதை விட்டுவிட்டு இரண்டைப் பற்றி மட்டும் பேசுவதற்குப் பெயர் மறதி அல்ல. வெள்ளை எதிர் கறுப்பு என்று எதிர்நிலையை அமைத்துவிட்டால், கறுப்புக்குள் இருக்கிற தீண்டாமையைப் பேச வேண்டியதில்லை. வெள்ளாளரும் செட்டியாரும் வெள்ளைக்காரனால் ஒதுக்கப்பட்ட பாவப்பட்ட கறுப்பர்கள் ஆகிவிடுகிறார்கள்! அவர்களால் ஒதுக்கப்பட்டவர்கள் வரைபடத்தின் ஓரத்தில் தாள் முடிகிற இடத்தில் விழுந்துவிடுகிறார்கள்.

அண்ணா சாலை, சுப்பையா சாலை, படேல் சாலை, கடற்கரைச் சாலை என்று முட்டை வடிவில் பழைய நகரத்தைச் சுற்றி வருகிற வளையத்தை உள்ளூரில் 'புல்வார்' என்பார்கள். மரபு, பாரம்பரியம், பாதுகாப்பு என்ற பேச்செல்லாம் பெரும்பாலும் இந்த வளையத்துக்குள்தான். வாணரப்பேட்டையும் உப்பளமும் கோவிந்தசாலையும் நெல்லித்தோப்பும் அந்த வளையத்துக்கு வெளியே. அங்கே வாழ்ந்தவர்களுக்கு வரலாறு இல்லையா? 1881இல் பிரெஞ்சு அரசு கொண்டுவந்த ஆணைப்படி, சாதி சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போனவர்களில் நம் மக்கள் கணிசமானவர்கள். பெயரை மாற்றினார்கள், பட்டாளத்தில் சேர்ந்தார்கள், இந்தோசீனா வரை போனார்கள். 'சொல்தா' என்று ஊர் அவர்களைச் சொன்னது. அந்தச் சம்பளத்திலும் பென்ஷனிலும் ஓலைக் கூரையைப் பிரித்துவிட்டு ஓட்டு வீடு, மாடி வீடு கட்டினவர்கள் உண்டு. தீண்டாமையிலிருந்து வெளியேற ஒரு சமூகம் கட்டின வீடு மரபு ஆகாதா? அந்த வீடுகளின் வாசலில் மரபுப் பலகை எதையும் நான் பார்த்ததில்லை.

*

மரபு வீட்டுக்கு வருவோம். தமிழ் வீட்டைப் பற்றி எழுதுகிற எல்லாரும் இரண்டு உறுப்புகளைச் சொல்லிச் சிலிர்ப்பார்கள். ஒன்று தாழ்வாரம்: தெருவோரம் மரத்தூண் நிறுத்தி ஓடு வேய்ந்த நிழல். இன்னொன்று திண்ணை: வழிப்போக்கன் வந்து உட்காரவும் படுத்துறங்கவும் தமிழன் தன் வீட்டுக்கு வெளியே கட்டி வைத்த விருந்தோம்பல். வைசியாள் வீதியில் தாழ்வாரங்களையும் திண்ணைகளையும் பழைய மாதிரியே புதுப்பித்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது. வேலை நேர்த்தியானது, சும்மா சொல்லக்கூடாது. அந்தத் தெருவில் நடந்தால் நிழல் இருக்கிறது, கண்ணுக்குக் குளிர்ச்சி இருக்கிறது.

ஆனால் விமர்சனம் என்று வந்தால் கேட்கத்தான் வேண்டும். யார் அந்த வழிப்போக்கன்? நம் பாட்டனும் வழிப்போக்கன்தான். கால்நடையாகத்தான் போனான், களைத்துத்தான் போனான். அவன் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தான்? உட்கார்ந்திருந்தால் எழுந்து போனானா, தூக்கிக்கொண்டு போனார்களா? தமிழ்நாட்டுத் தெருக்களின் திண்ணைகள் எல்லாம் ஆளைப் பார்த்து, தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியதா என்று பார்த்து, சாதி விசாரித்து இடம் கொடுத்தவை. திண்ணை என்பது வீட்டுக்குள் விடக்கூடாதவனை நிறுத்துகிற இடம். அந்தத் திண்ணைக்கே வரக்கூடாதவன் ஒருவன் தெருமுனையில் நின்றான். திண்ணையைப் பொதுவெளி என்று எழுதுகிற கட்டடக்கலை அறிஞர் இதைத் தெரிந்துகொண்டு எழுதவில்லை என்றால் அவர் திண்ணையைப் பார்க்கவில்லை, தூணைத்தான் பார்த்திருக்கிறார்.

இன்னொரு உறுப்பையும் சொல்ல வேண்டும். இந்த மரபு வீடுகளின் நீளவெட்டுப் படத்தைப் பாருங்கள். தெருவிலிருந்து தாழ்வாரம், திண்ணை, நடை, முற்றம், கூடம், அடுப்படி, கிணறு என்று வரிசையாக எழுதிக்கொண்டே வருவார்கள். புழக்கடை வந்ததும் பேனா நின்றுவிடும். அதற்குப் பின்னால் இருந்தது எடுப்புக் கக்கூஸ். அதற்கென்று ஒரு சின்னக் கதவு, அதற்கென்று ஒரு சந்து, அந்தச் சந்து வழியாக விடியற்காலையில் வந்து கூடையிலும் வாளியிலும் அள்ளிப்போன ஒரு பெண். இதைத் தடைசெய்து ஒரு சட்டம் வர 1993 ஆனது. அது போதவில்லை என்று 2013இல் இன்னொரு சட்டம். அந்தச் சந்தும் தமிழ்க் கட்டடக்கலைதான். முன்வாசலுக்கு விருது வாங்குகிறவர்கள் பின்வாசலுக்கு ஒரு வரி எழுதக்கூடாதா?

இப்போது அந்த வீடுகள் விடுதிகள் ஆகின்றன. முற்றத்தில் சாப்பாட்டு மேசை. திண்ணையில் மெத்தை. பழைய சாந்துப் பூச்சு வேண்டும் என்று கேட்கிறார்கள். அதற்குச் சுண்ணாம்பு ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணி ஊற்றி அரைத்து, கரணையால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் இழைக்க வேண்டும். இழைக்கிறவர் கொத்தனார். கலவை சுமந்து சாரத்துக்குக் கீழே நிற்பவர் சித்தாள். விழுப்புரம் பக்கத்திலிருந்தும் வில்லியனூர் பக்கத்திலிருந்தும் விடியற்காலை பஸ்ஸில் தூக்குச்சட்டியோடு வந்து இறங்குகிற பெண்களில் நம் சேரிப் பெண்கள் எத்தனை பேர் என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பத்து வருசம் சுமந்தாலும் சித்தாள் சித்தாள்தான். கரணை அவள் கைக்கு வராது. கலவையின் பதம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிந்தவளுக்குக் கரணை பிடிக்கத் தெரியாது என்று யார் சொன்னது? கிரகப்பிரவேசத்தன்றைக்கு அவள் அந்தத் திண்ணையில் உட்கார முடியுமா? இப்போது சாதி கேட்கமாட்டார்கள். ஒரு ராத்திரி வாடகையைச் சொல்வார்கள். அது அவளுடைய ஒரு மாதக் கூலியைத் தொடும்.

*

இந்த நகரத்தின் பழைய வாழ்க்கைக்கு மிகப் பெரிய சாட்சி ஆனந்தரங்கப்பிள்ளை. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அவருடைய மாளிகை இன்றும் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது, கீழே தமிழ் மரத்தூணும் மேலே பிரெஞ்சுத் தூணுமாக. அந்த நாட்குறிப்பை மூலமாக வைத்துத்தான் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரண்டு நாவல்களை எழுதினார். பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி பரிசு. மன்னர் கதையாய் மண்டிக் கிடந்த தமிழ் வரலாற்று நாவலை இந்த இரண்டும் கீழே இறக்கிக் கொண்டுவந்தன என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனாலும் மூலம் ஒரு துபாஷியின் கண். கம்பெனிக்கும் ஊருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவரின் கண். அது மாளிகையின் மாடியிலிருந்து பார்க்கிறது. நாம் அந்தக் கண்ணை நிராகரிக்க வேண்டியதில்லை. அது பார்த்து எழுதிவிட்டு, விளக்காமல் போன இடங்களில் நாம் நின்று வாசிக்க வேண்டும்.

அப்படி ஒரு இடம் 1745ஆம் ஆண்டுக் குறிப்பில் இருக்கிறது. கிறித்தவக் கோயிலுக்குள் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் சாதிக் கிறித்தவர்கள், அந்தப் பக்கம் பறையர் கிறித்தவர்கள். பறையர்கள் குருவிடம் போய்க் கேட்டார்கள்: எங்களையும் ஞானஸ்நானம் கொடுத்துத்தானே சேர்த்தீர்கள், பிறகு நடுவில் எதற்குச் சுவர்? சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்து எழுந்தார்கள். பிள்ளை இதை ஊர்ச் சச்சரவு என்ற அளவில் எழுதிவைத்துவிட்டுப் போகிறார். நம் வாசிப்பில் அது ஊர்ச் சச்சரவு அல்ல. புதுச்சேரிக் கட்டட வரலாற்றின் மிக முக்கியமான நாள் அது. கட்டப்பட்டதற்காக அல்ல, இடிக்கப்பட்டதற்காக. எவ்வளவு பெரிய மாளிகையானாலும் கட்டச் சொன்னவன் பெயர்தான் கல்லில் இருக்கும். இந்தச் சுவரோ, நம் ஆட்கள் வாய் திறந்து கேட்டதால் விழுந்த சுவர். நகரத்தின் மரபுச் சின்னங்களில் ஒரு பலகை வைக்க வேண்டுமானால் நான் அங்கே வைப்பேன்.

சுவர் எப்போதும் அப்படி விழுவதில்லை. 2024 மார்ச் 31 அன்று மரப்பாலம் பகுதியில் வாய்க்கால் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்மேல் பக்கத்துச் சுற்றுச்சுவர் சாய்ந்தது. அரியலூர் மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள் ஐந்து பேர் செத்தார்கள். சுவரை ஒட்டிப் பள்ளம் தோண்டினால் முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது கொத்தனாருக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியும், பொறியாளருக்கு நிச்சயம் தெரியும். முட்டுக்கட்டைக்கும் ஆகும் செலவுக்கும் நடுவில் யாருடைய உயிர் மலிவு என்பதுதான் கணக்கு. அதே ஆண்டு ஜூன் 11, ரெட்டியார்பாளையம் புதுநகர். பாதாளச் சாக்கடையிலிருந்து விஷவாயு வீட்டுக் கழிப்பறை வழியாக ஏறி, பள்ளி மாணவி ஒருத்தி உட்பட மூன்று பெண்கள் செத்துப்போனார்கள். சாக்கடைக் குழிக்குள் இறங்கினவர்கள்தான் இத்தனை நாளாய்ச் செத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது சாக்கடை வீட்டுக்குள் ஏறி வந்து கொல்கிறது. முகப்புக்கு வண்ணம் பார்க்கிற வளர்ச்சி, மண்ணுக்கு அடியில் ஓடுவதைப் பார்க்கவில்லை. மண்ணுக்கு அடியில் போகிற வேலை நம் வேலை என்று தள்ளிவிட்ட சமூகம் அங்கே என்ன ஓடுகிறது என்று எதற்குப் பார்க்கும்?

*

இனி புதுக் கட்டுமானத்துக்கு வருவோம். இரண்டு கட்டடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று கடற்கரையில் இருக்கும் மேரி கட்டடம், பழைய நகராட்சி மாளிகை. 1870களில் எழுந்தது. பராமரிப்பின்றிக் கிடந்து 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. அதே இடத்தில், அதே அளவில், அதே முகப்பு, அதே வளைவுகள் என்று உலக வங்கி நிதியுதவியில் மறுபடி கட்டி 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்து வைத்தார். செத்துப்போன கட்டடத்துக்கு அதன் பழைய முகத்தையே திருப்பிக் கொடுக்க அரசால் முடிகிறது. பழைய படங்கள், அளவுகள் எல்லாம் தேடி எடுக்க முடிகிறது.

இன்னொன்று குமரகுருபள்ளம். பெயரிலேயே பள்ளம். 2017இல் புதுச்சேரி ஸ்மார்ட் சிட்டித் திட்டத்துக்குத் தேர்வானது. அந்தத் திட்டம் 2025 மார்ச் 31உடன் முடிந்தது. அந்தத் திட்டத்தின் வேலைகளில் ஒன்றாக அங்கே குடியிருந்த ஏழை மக்களுக்குப் பல மாடி அடுக்குக் குடியிருப்பு எழுந்தது. பள்ளத்தில் இருந்தவர்களை மேலே தூக்கிவிட்டார்கள். மாடியைத்தான் சொல்கிறேன்.

உடனே கேட்பார்கள்: "அப்போ மாடி வீடு வேண்டாமா? குடிசையிலேயே கெடக்கச் சொல்றியா?" இந்தக் கேள்வியை நேராக எதிர்கொள்ள வேண்டும். குடிசையைப் புகழ்ந்து கவிதை எழுதுகிறவர்கள் குடிசையில் இருப்பதில்லை. மழைக்கு ஒழுகி, வெயிலுக்குப் பற்றி எரிந்து, கழிப்பறைக்கு இருட்டும்வரை காத்திருந்த பெண்களுக்குக் காங்கிரீட் வீடு விடுதலைதான். நாம் கட்டுமானத்துக்கு எதிரி அல்ல. நகரத்துக்கு எதிரி அல்லவே அல்ல. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர், கிராமத்தைப் போற்றிப் பாடுகிறவர்களைப் பார்த்துக் கிராமம் என்பது குறுகிய மனத்தின், சாதி வெறியின் கூடாரமே என்ற பொருளில் பேசினார். ஊர் துரத்தும்போது நம் ஜனங்களுக்கு ஓட இருந்த இடம் நகரம். யார் பிள்ளை, எந்தத் தெரு என்று கேட்காமல் டீ கொடுக்கிற கடையும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற மனிதனும் நகரம் கொடுத்தவை.

அதனால்தான் நமக்குக் கோபம் வருகிறது. நகரம் சாதிக் கோட்டை அழிக்க வேண்டிய இடம். மரபு என்ற பெயரிலும் வளர்ச்சி என்ற பெயரிலும் இந்த நகரம் பழைய கோட்டை மறுபடி கனமாகத் தீட்டுகிறது. மேரிக்குப் பழைய முகத்தைக் கொடுத்தார்கள். குமரகுருபள்ளத்துக்குக் கேட்டார்களா, உனக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று? சாவு விழுந்தால் பந்தல் எங்கே போடுவது, பறை எங்கே அடிப்பது, பாடையை எந்தப் படியில் இறக்குவது? வாசலில் இட்லிக் கடை போட்டுப் பிழைத்தவள் எட்டாவது மாடியில் யாருக்கு இட்லி விற்பாள்? லிப்ட் நின்றுபோனால் யார் வருவார்? பராமரிப்புக்கு யார் காசு? இவை எல்லாம் சில்லறைக் கேள்விகள் அல்ல. கட்டடத்தில் திண்ணை வைக்கலாமா என்று பணக்கார வீட்டுக்குப் பத்துக் கூட்டம் போடுகிறவர்கள், சேரிக்குப் போகும்போது மட்டும் சதுர அடியை எண்ணிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

இன்னும் பெரிய கேள்வி மண். தரையில் இருந்தபோது, பட்டா இல்லாவிட்டாலும், இரண்டு மூன்று தலைமுறை கால் ஊன்றின மண் என்று ஒரு வழக்கு இருந்தது. மாடிக்குப் போனபின் மண் யாருடையது? ஒதுக்கீட்டு ஆணை வீட்டுக்கா, வீடு நிற்கிற மனைக்கும் சேர்த்தா? இதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர்? நகரத்தின் நடுவில் மனை விலை ஏற ஏற, நம் காலடி மண்ணின் மேல்தான் எல்லார் கண்ணும். பள்ளமாய் இருந்தபோது தண்ணீர் தேங்கும் என்று நமக்கு விட்டார்கள். மேடாக்கிய பிறகு அது நகரத்தின் மையம் ஆகிவிட்டது.

2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் சுமார் 12.48 லட்சம் மக்களில் தாழ்த்தப்பட்டோர் 15.7 விழுக்காடு. ஆறில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. மரபுப் பட்டியலில் நம் வீடு ஆறில் ஒன்று இருக்கிறதா? நூறில் ஒன்று இருக்கிறதா? கேட்டுப் பாருங்கள்.

*

இந்த நகரத்துக்கு ஆயி மண்டபம் என்று ஒரு சின்னம் உண்டு. புதுச்சேரி அரசின் முத்திரையிலேயே இருக்கிறது. கதை எல்லாருக்கும் தெரியும். ஆயி என்று ஒரு தாசி. அவளுடைய மாளிகையைக் கோயில் என்று நினைத்து அரசன் கும்பிட்டுவிட்டான். தாசி வீடு என்று தெரிந்ததும் அவமானம் தாங்காமல் இடிக்கச் சொன்னான். அவள் தானே இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டினாள். முத்திரையர்பாளையத்துத் தண்ணீர் பிற்பாடு பிரெஞ்சு நகரத்துக்கு வந்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக மண்டபம் எழுந்தது. இதைத் தியாகக் கதையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிரதியைத் திருப்பிப் படித்தால் வேறொன்று தெரியும். அரசாங்கம் ஒரு பெண்ணின் வீட்டை இடித்தது, அவள் பிறப்பைக் காரணம் காட்டி. அவள் மண்ணில் ஊறின தண்ணீரை ஊரே குடித்தது. பிறகு அவளுக்கு மண்டபம் கட்டியது. வீடு இடிபட்டவளைத் தன் முத்திரையில் வைத்திருக்கிற அரசாங்கம் இது. வீடு இடிபடப்போகிறவர்களின் மனுவில் அந்த முத்திரையைத்தான் குத்துகிறது.

செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். மரபுப் பட்டியல் புல்வாரைத் தாண்ட வேண்டும். சேரியின் மாதாகோயில், சொல்தா வீடு, படிப்பகம், அம்பேத்கர் சிலை நிற்கும் முனை எல்லாம் அதில் ஏற வேண்டும். அடுக்குமாடி கட்டினால் மனையின் உரிமையும் குடியிருப்பவர் பெயரில், அதுவும் பெண்கள் பெயரில் எழுதப்பட வேண்டும். கட்டுமானத் தொழிலாளருக்கென்று 1996இல் சட்டம் வந்தது. கட்டடச் செலவில் குறைந்தது 1 விழுக்காடு நலநிதிக்குப் போக வேண்டும் என்பது அதை ஒட்டி வந்த விதி. புதுப்பிக்கப்படும் மரபு மாளிகைகள் அந்த 1 விழுக்காட்டைக் கட்டுகின்றனவா, அங்கே கலவை சுமந்த பெண்கள் வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மாணவத் தோழர்கள் இதை ஆய்வாகச் செய்யலாம், பட்டத்துக்கும் ஆகும்.

எழுத்தாளர்களுக்கு ஒன்று. 1730களில் மொரீசியஸ் தீவில் போர்ட் லூயி நகரத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து தொழிலாளர்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகரம் கட்டின கைகள் நாட்குறிப்பு எழுதவில்லை. எழுத விடவில்லை. அந்த நாட்குறிப்பை இனி நாம்தான் எழுத வேண்டும். உங்கள் பெரியம்மா, அத்தை, பக்கத்து வீட்டு ஆயா யாராவது ஒருவர் இந்த நகரத்தில் சித்தாளாய் நின்றிருப்பார். எந்தக் கட்டடம், எந்த வருசம், என்ன கூலி, யார் மேஸ்திரி, எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று கேட்டு எழுதுங்கள். எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். நகரத்தின் பெயரில் நம் சேரி இருக்கிறது. அதன் வரலாற்றில் அதை ஏற்றுகிற வேலை மிச்சம் கிடக்கிறது.